ஓடையோரத்து வீடும் வெள்ளக் காப்பீடும்: கென்டக்கி மலைக் கவுன்டி ஒன்றை வைத்து ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கிழக்கே அப்பலாச்சியன் மலைப்பகுதியில், பிரெத்திட் என்றொரு கவுன்டி (மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 14,000-ஐக்கூடத் தொடவில்லை. நம்மூர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுதான். அதன் தலைமையூரான ஜாக்சனைச் சுற்றிக்கொண்டு கென்டக்கி ஆற்றின் வடகிளை ஓடுகிறது. 2021 மார்ச்சில் அங்கே பெருவெள்ளம் வந்தது. வீடுகளைக் கழுவி, சுவர்களை மாற்றி, ஒருவழியாக நிமிர்ந்த நேரத்தில், 2022 ஜூலையில் அதைவிடப் பெரியது வந்தது. ஜாக்சனில் ஆறு 43.47 அடிக்கு ஏறியது. அதற்குமுன் இருந்த உச்சம் 1939-இல் பதிவான 43.1 அடி.

அந்த ஜூலை மழையில் கிழக்குக் கென்டக்கியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில இடங்களில் ஐந்தாறு நாளில் 14 முதல் 16 அங்குலம் மழை கொட்டியது. அதே வட்டாரத்தில் லெச்சர் கவுன்டியில் உள்ள வைட்ஸ்பர்க்கில் ஆற்றின் பழைய உச்சம் 14.7 அடி. இம்முறை நீர் 20 அடியைத் தாண்டியதும் அளவுகோலே செயலிழந்துவிட்டது. ஆனால் வீடிழந்தவர்களில் வெள்ளக் காப்பீடு வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். ஏன் என்று கேட்டால் ‘அலட்சியம்’ என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடில்லை. வெள்ள அபாயம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, காப்பீடு எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கிராமத்து வீட்டை மனதில் வைத்து வடிவமைக்கப்படவில்லை என்பது புரியும்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். அந்த மலைகள் மிக உயரமானவை அல்ல. ஆனால் சரிவு செங்குத்து, பள்ளத்தாக்கு குறுகல். உள்ளூர்க்காரர்கள் ‘ஹாலர்’ என்று சொல்லும் அந்தச் சந்துப் பள்ளத்தாக்குகளின் அடியில் ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி வரிசையாக வீடுகள். வீடு கட்டத் தோதான சமதளம் என்பதே ஓடைக்கரைதான். மேலே போனால் சரிவு, அல்லது நிலக்கரிக்காகத் தோண்டிய நிலம். எனவே ‘ஏன் ஓடைக்கரையில் போய் வீடு கட்டினார்கள்’ என்ற கேள்விக்கு அங்கே அர்த்தம் குறைவு. மழை இரு சரிவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். விரிந்து பரவ இடமில்லாததால் நீர் மேல்நோக்கி ஏறும். சமவெளியில் வெள்ளம் வர நாள்கணக்காகும். இங்கே மணிக்கணக்குதான். 2022-இல் பலர் தூக்கத்திலேயே அகப்பட்டுக்கொண்டார்கள்.

‘நூறாண்டு வெள்ளம்’ என்றால் என்ன?

அமெரிக்க வெள்ளக் கணக்கு முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது: ஓர் ஆண்டில் நிகழ 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். பேச்சுவழக்கில் இதைத்தான் நூறாண்டு வெள்ளம் என்கிறார்கள். குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று எடுத்துக்கொண்டால், போன வருடம் வந்தவர்களுக்கு இனி பேரப்பிள்ளைகள் காலம்வரை கவலையில்லை.

குடவோலையை நினைத்துக்கொள்ளுங்கள். குடத்தில் நூறு ஓலைகள். ஒன்றில் மட்டும் ‘வெள்ளம்’ என்று எழுதியிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை ஓர் ஓலையை எடுத்துப் பார்த்துவிட்டு, அதைத் திரும்பக் குடத்துக்குள் போட்டுக் குலுக்கிவிட வேண்டும். இந்த வருடம் அந்த ஓலை வந்ததால் அடுத்த வருடம் அது வராது என்று எந்த விதியும் இல்லை.

இப்போது வீட்டுக் கடனோடு சேர்த்துக் கணக்குப் போடலாம். ஓர் ஆண்டு தப்பிக்க வாய்ப்பு 0.99. முப்பது ஆண்டும் தொடர்ந்து தப்பிக்க, 0.99-ஐ முப்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.74. அதாவது 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு. நான்கில் ஒன்று. அதுவும் அந்த 1 சதவீத வெள்ளம் எட்டும் வளையத்தின் வெளி விளிம்பில் இருக்கும் வீட்டுக்குத்தான் இந்தக் கணக்கு. ஓடையை நெருங்க நெருங்க, தரை தாழத் தாழ, வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும்.

போதாக்குறைக்கு அந்த 1 சதவீதமே பழைய மழை, பழைய நீர்மட்டப் பதிவுகளிலிருந்து கணித்ததுதான். மழை கனத்துவரும் காலத்தில் குடத்துக்குள் கூடுதலாக ஓலை போட்டுவிட்டார்களா என்பது பின்னால்தான் தெரியவரும்.

வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

இந்த 1 சதவீத வளையத்தை வரைபடத்தில் குறிப்பது ஃபெமா எனப்படும் மத்திய அவசரகால மேலாண்மை அமைப்பு. ஏ, ஏஇ என்ற எழுத்துகளில் தொடங்கும் மண்டலங்கள் உள்நாட்டு ஆற்றோர அபாயப் பகுதிகள். வி என்றால் அலை மோதும் கடலோரம். மலைக் கவுன்டிக்கு அது வேண்டாம். எக்ஸ் என்றால் அபாயம் குறைவு. இல்லை என்று பொருளல்ல, குறைவு. ஃபெமாவின் சொந்தக் கணக்குப்படியே, 2015 முதல் 2019 வரை வந்த வெள்ளக் கிளெய்ம்களில் (காப்பீட்டுத் தொகை கேட்கும் கோரிக்கைகளில்) 40 சதவீதத்துக்கும் மேல் இந்த உயர் அபாய வளையத்துக்கு வெளியே இருந்த வீடுகளிலிருந்து வந்தவை.

ஏ-வுக்கும் ஏஇ-க்கும் உள்ள வேறுபாட்டில்தான் நகரத்துக்கும் கிராமத்துக்குமான வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஏஇ மண்டலத்தில் பொறியாளர்கள் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து, கணித மாதிரி ஓட்டி, ‘நூறாண்டு வெள்ளத்தில் இந்த இடத்தில் நீர் இத்தனை அடி உயரத்துக்கு வரும்’ என்று எண்ணாகவே சொல்லியிருப்பார்கள். வெறும் ஏ மண்டலத்தில் அந்த எண் கிடையாது. தோராயமாக ஒரு கோடு மட்டும் இருக்கும். விரிவான ஆய்வுக்குச் செலவு அதிகம். மக்கள் நெருக்கமாக வாழும் இடத்துக்கே அந்தப் பணம் முதலில் போகும். கிராமத்து ஓடைகளுக்குப் பெரும்பாலும் இந்தத் தோராயக் கோடுதான்.

அந்தக் கோடும் எல்லா ஓடைக்கும் இல்லை. வடிநிலப் பரப்பு, அதாவது மழைநீர் வந்து சேரும் நிலம், ஒரு சதுர மைலுக்கும் குறைவாக உள்ள ஓடைகளை ஃபெமா பொதுவாக ஆய்வுக்கே எடுப்பதில்லை. ஹாலரின் தலைப்பகுதியில் ஓடுவது இத்தகைய ஓடைதான். அங்கே நிற்கும் வீடு வரைபடத்தில் சுத்தமாக எக்ஸ் மண்டலத்தில் இருக்கும். கட்டிலில் படுத்தால் ஓடைச் சத்தம் கேட்கும். மழைநீர் ஆற்றில் சேருமுன்பே தெருவில் தேங்கி வீட்டுக்குள் நுழைவதையும் இந்த வரைபடங்கள் கணக்கில் கொள்வதில்லை. வரைபடம் பொய் சொல்லவில்லை. ஆனால் அது போடப்பட்டதே யாருக்குக் காப்பீடு கட்டாயம், எங்கே கட்டட விதி பொருந்தும் என்று தீர்மானிக்கத்தான். ‘எங்கே தண்ணீர் வராது’ என்ற உத்தரவாதத்தை அதில் தேடக்கூடாது.

காப்பீட்டை ஏன் அரசு விற்கிறது?

இந்தியாவில் வீட்டுக் காப்பீடு எடுத்துப் பழகியவர்கள் அமெரிக்காவில் வீடு வாங்கும்போது சறுக்குகிற இடம் இது. 2021 ஏப்ரலில் இந்தியாவில் வந்த ‘பாரத் கிரிஹ ரக்ஷா’ பொதுப் பாலிசியில் தீ, புயல், நிலநடுக்கத்தோடு வெள்ளமும் அடக்கம். அமெரிக்காவின் வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் கிடையாது. கூரை பிய்ந்து மேலிருந்து மழை கொட்டினால் அது தரக்கூடும். தரையோடு ஊர்ந்து கதவு வழியே நீர் வந்தால் கைவிரித்துவிடும்.

வெள்ளம் தனியார் காப்பீட்டுக்கு ஒத்துவராத சரக்கு. ஓர் ஊரில் தீப்பிடித்தால் ஒன்றிரண்டு வீடு போகும்; மற்றவர்கள் கட்டிய பிரீமியத்தில் அதை ஈடுகட்டலாம். வெள்ளம் வந்தால் ஊரே ஒரே நாளில் கிளெய்ம் கேட்கும். மேட்டில் இருப்பவர் வாங்கமாட்டார், பள்ளத்தில் இருப்பவர் மட்டுமே வாங்குவார். 1927-இல் வந்த மிசிசிப்பி பெருவெள்ளத்துக்குப் பின் தனியார் நிறுவனங்கள் இதிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. 1965-இல் பெட்சி புயல் அடித்தது. அதைத் தொடர்ந்து 1968-இல் நாடாளுமன்றம் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தை உருவாக்கியது. பாலிசியில் தனியார் நிறுவனத்தின் பெயர் இருக்கலாம். பின்னால் இருப்பது பெரும்பாலும் அரசுப் பணம்தான்.

இதில் ஓர் ஒப்பந்தமும் இருக்கிறது. கவுன்டியோ நகரமோ முதலில் திட்டத்தில் சேர வேண்டும். வெள்ளப் பகுதியில் எப்படிக் கட்டலாம் என்று விதி இயற்றி, அதை நடைமுறைப்படுத்த வேண்டும். சேராத ஊரில் இந்தப் பாலிசியை வாங்கவே முடியாது. கூடுதலாக முயற்சி எடுக்கும் ஊர்களுக்குப் பிரீமியத்தில் 5 முதல் 45 சதவீதம்வரை தள்ளுபடி கிடைக்கும். ஆனால் அதற்கான ஆவணங்களைத் தயாரிக்கத் தனி ஆள் வேண்டும். ஒரே அலுவலர் நாலு வேலை பார்க்கும் சின்னக் கவுன்டியில் அது நடக்கிற காரியமா?

1973 சட்டத்தின்படி, உயர் அபாய மண்டலத்தில் உள்ள வீட்டுக்கு மத்திய அரசின் ஆதரவோ கண்காணிப்போ உள்ள கடன் இருந்தால் வெள்ளக் காப்பீடு கட்டாயம். வங்கி கேட்டு வாங்கும். கடனே இல்லையென்றால் கேட்க ஆளில்லை. கிழக்குக் கென்டக்கியில் பல வீடுகள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கைமாறி வந்தவை. சில ரொக்கத்துக்கு வாங்கிய டிரெய்லர் வீடுகள். வங்கியின் தொந்தரவு இல்லாத நிம்மதியே காப்பீடு இல்லாமல் போனதற்கும் காரணமாகிவிட்டது.

பாலிசி எதற்குப் பணம் தரும்?

வீட்டுக் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2.5 லட்சம் டாலர். உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1 லட்சம் டாலர்; அது தானாக வராது, தனியே கேட்டு வாங்க வேண்டும். நிரந்தரமாகக் குடியிருக்கும் வீடாக இருந்து, போதிய அளவு காப்பீடும் செய்திருந்தால், கட்டடத்தைத் திரும்பச் சீரமைக்க ஆகும் செலவைத் தருவார்கள். பொருள்களுக்கு அப்படியில்லை, தேய்மானம் கழித்த மதிப்புதான். பத்து வருடத்துச் சோபாவுக்குப் புதுச் சோபா விலை கிடைக்காது.

ஒரு ஹாலர் வீட்டைக் கற்பனை செய்துகொண்டு பாலிசியை வரிக்கு வரி வைத்துப் பார்ப்போம். சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடை. அதன்மேல் குடும்பத்தார் சொந்தச் செலவில் போட்ட சின்னப் பாலம். வீட்டுக்குப் பின்னால் கிணறு, மண்ணுக்கடியில் செப்டிக் டேங்க். பக்கவாட்டில் மண்சரிவைத் தாங்கும் சுவர். கொல்லையில் சோளமும் தக்காளியும், ஓரத்தில் கோழிக்கூண்டு. முற்றத்தில் பிக்கப் டிரக். வீட்டுக்குள் நான்கு அடித் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது என்று வையுங்கள்.

சுவர், தரை, மின்வயரிங், பொருத்திய அலமாரி, தண்ணீர் சூடாக்கி: பாலிசியில் வரும். பாலம் வராது. கிணறு வராது. செப்டிக் டேங்க் வராது. தாங்குசுவர் வராது, வேலி வராது. பயிர் வராது, கோழி வராது, நிலம் அரித்துப்போனால் அந்த நிலமும் வராது. டிரக்குக்கு வாகனக் காப்பீட்டில் கேட்க வேண்டும். வீடு சரியாகும்வரை வாடகைக்கு இருந்தால் அந்த வாடகையும் கிடையாது. நிலவறை இருந்தால் அங்குள்ள சூடேற்றும் கருவி, மின்பெட்டி போன்ற சிலவற்றுக்கு உண்டு. அங்கே விரித்த கம்பளம், போட்ட நாற்காலிக்கு இல்லை. மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின்மேல் விழுந்தால் அது நிலச்சரிவு, வெள்ளமல்ல. சேறாக ஓடிவந்தால் மட்டும் கணக்கில் சேரும்.

நகரத்துப் புறநகரில் இருப்பவருக்குப் பாலத்தை நகராட்சி போடும், குடிநீர் குழாயில் வரும், கழிவு சாக்கடையில் போகும். அவர் வீட்டுக்கு இந்தப் பாலிசி ஓரளவு முழுமையானது. கிராமத்தில் அந்த வசதிகள் எல்லாமே வீட்டுக்காரரின் சொத்து. வெள்ளத்தில் முதலில் போவதும் அவைதான். 2022-க்குப் பிறகு பாலம் அடித்துப்போனதால் வீட்டைச் சீரமைக்கப் பொருள் ஏற்றிவரும் வண்டிகூடப் போக முடியாமல் இருந்த குடும்பங்கள் உண்டு.

விலையும் ஒரு சங்கதி. 2021 அக்டோபர் முதல் ‘ரிஸ்க் ரேட்டிங் 2.0’ என்ற புதிய முறையில் பிரீமியம் கணக்கிடுகிறார்கள். முன்பு வரைபட மண்டலமே விலையைத் தீர்மானித்தது. இப்போது ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடையிலிருந்து தூரம், தரைத்தளத்தின் உயரம், அடித்தளத்தின் வகை, திரும்பக் கட்ட ஆகும் செலவு எல்லாம் சேர்கிறது. நியாயமான முறைதான், மேட்டுவீட்டுக்காரர் பள்ளத்துவீட்டுக்காரருக்காக அழ வேண்டியதில்லை. ஆனால் நிஜ அபாயத்துக்கு நிஜ விலை என்று வந்தபோது, நிஜ அபாயத்தில் இருப்பவர்கள் ஏழைகளாக இருந்தார்கள். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவரின் குடியிருப்பு வீட்டுக்கு ஆண்டு உயர்வு பெரும்பாலும் 18 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் தடுக்கிறது. புதிதாக வாங்குபவருக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. முழு விலையிலேயே தொடங்க வேண்டும்.

‘அரசு தராதா?’

தரும், கொஞ்சம். 2022-இல் வீட்டுச் சீரமைப்புக்கு ஃபெமா ஒரு குடும்பத்துக்குத் தரக்கூடிய உச்சத்தொகை 37,900 டாலர். பெரும்பாலோருக்குக் கிடைத்தது அதைவிட மிகக் குறைவு. வீட்டைப் பாதுகாப்பாகக் குடியிருக்கத்தக்கதாக ஆக்குவதே அந்த உதவியின் நோக்கம், பழைய நிலைக்குக் கொண்டுவருவது அல்ல. அதுவும் குடியரசுத்தலைவர் பேரிடராக அறிவித்தால்தான். காப்பீட்டுக்கு அந்த அறிவிப்பு தேவையில்லை. அரசின் குறைந்த வட்டிக் கடனும் உண்டு, ஆனால் கடன் கடன்தான். வீட்டுக்குப் பத்திரம் தாத்தா பெயரிலேயே நின்றுபோன குடும்பங்களுக்கு உரிமையை நிரூபிப்பதே முன்பு பெரும்பாடு. 2021-இல் ஃபெமா அந்த விதியைத் தளர்த்தி, வேறு வழியில்லாதவர்கள் தாமே உறுதிமொழி எழுதித்தரலாம் என்றது. தாமதமாக வந்த நல்ல காரியம்.

இன்னொரு விதியையும் பலர் வெள்ளத்துக்குப் பிறகே கேள்விப்படுகிறார்கள். உயர் அபாய மண்டலத்தில் இருக்கும் வீட்டின் சேதச் சீரமைப்புச் செலவு, வீட்டின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், அதைப் பழையபடியே கட்டக் கவுன்டி அனுமதிக்க முடியாது. தரைத்தளத்தை உயர்த்தியே ஆக வேண்டும். மலிவான வீடுகள் உள்ள ஊரில் பாதி மதிப்பைத் தொடுவது சுலபம். உயர்த்தும் செலவுக்குப் பாலிசியில் 30,000 டாலர்வரை தனியாக உண்டு. பாலிசி இல்லாதவருக்கு அதுவும் இல்லை.

இதனால்தான் சிலர் இடத்தையே விட்டுப்போகிறார்கள். அரசே வீட்டை வாங்கி இடித்துவிட்டு, அந்த நிலத்தை இனி எந்நாளும் காலியாகவே வைத்திருக்கும் திட்டம் உண்டு. கென்டக்கி மாநிலம் பழைய நிலக்கரிச் சுரங்க மேடுகளில் புதுக் குடியிருப்புகளையும் கட்டிவருகிறது. மலையின் தலையைச் சீவி நிலக்கரி எடுத்த இடங்கள்தான் இப்போது அந்தப் பகுதியில் கிடைக்கும் உயரமான சமதளம் என்பது வினோதமான வரலாறு.

அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஓடையோரமாக வீடு பார்க்கிறீர்கள் என்றால், ஃபெமாவின் ‘ஃபிளட் மேப் சர்வீஸ் சென்டர்’ தளத்தில் முகவரியைப் போட்டு மண்டலத்தைப் பார்த்துவிடுங்கள். அதோடு நிற்காமல், வரைபடத்தின் தேதியையும் அந்த ஓடை அதில் வரையப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ‘தண்ணீர் எதுவரை வந்தது’ என்று கேளுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார். முந்தைய கிளெய்ம் விவரத்தை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எக்ஸ் மண்டலமாக இருந்தாலும் பாலிசிக்கு எவ்வளவு ஆகும் என்று விலை கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வாங்கிய பாலிசி சாதாரணமாக 30 நாள் கழித்தே அமலுக்கு வரும். வானிலை எச்சரிக்கை வந்தபின் ஓடிப் பயனில்லை. வீட்டுக் கடன் வாங்கும்போது சேர்த்து எடுத்தால் இந்தக் காத்திருப்பு இல்லை. வெள்ளம் வடிந்ததும் எதையும் தூக்கியெறியுமுன் நீர்த்தடம் தெரியும்படி படமெடுங்கள். குளிர்பெட்டி, சலவை இயந்திரத்தின் வரிசை எண்களையும் சேர்த்து எடுங்கள். இழப்பு விவரத்தைக் கையெழுத்திட்டு அனுப்ப 60 நாள் கெடு. புதுப்பிக்கத் தவறினால் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்கு மேல் போனால், படிப்படியாக மட்டுமே ஏறிவந்த பழைய சலுகை விலையும் கையைவிட்டுப் போய்விடும்.